ஐபி போனின் பூட்டு எங்கே இருக்கிறது?

கணினி வலை வழியே பேசும் ஐபி போன்களில் ஒன்றான சிஸ்கோ 7961 மேசை போனில் செட்டிங்ஸ் பொத்தானை அழுத்தி நெட்வொர்க் பகுதிக்குள் போனால் ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், டிஎஃப்டிபி சர்வர் (போனுக்குக் கோப்புகளைக் கொடுக்கும் கணினி) என்று எல்லாம் வரிசையாகத் தெரியும். தலைப்பு அருகே ஒரு சின்னப் பூட்டுப் படம் மூடியபடி நிற்கும். எந்த வரியைத் தேர்ந்தெடுத்தாலும் திருத்த வழி இருக்காது. பழைய அலுவலகத்திலிருந்து வாங்கிய போனாக இருந்தாலும், நிர்வாகி மாறிப்போன அலுவலகத்தின் போனாக இருந்தாலும் வேலை இங்கேதான் முட்டி நிற்கிறது. உடனே பலரும் செய்வது ஃபேக்டரி ரீசெட், அதாவது போனைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவது. அதை அவசரப்பட்டுச் செய்துவிட்டுப் போனையே எழுப்ப முடியாமல் தவிப்பதும் உண்டு.

கண்ணுக்குத் தெரிவது ஒரே பூட்டு. பின்னால் நான்கு வெவ்வேறு பூட்டுகள் இருக்கலாம். எது பூட்டியிருக்கிறது என்று தெரிந்த பிறகே சாவியைத் தேட வேண்டும்.

முதலாவது, அந்தப் பூட்டுப் படமே. சிஸ்கோ 7900 வரிசையில், ஸ்கின்னி என்ற சிஸ்கோவின் சொந்த அழைப்பு நெறிமுறையில் ஓடும் போன்களில், ஸ்டார், ஸ்டார், ஹாஷ் என்று மூன்று விசைகளை அழுத்தினால் பூட்டுப் படம் திறந்துகொள்ளும். நிறுவனத்தின் கையேட்டிலேயே இது இருக்கிறது, ரகசியம் ஏதுமில்லை. துடைக்கும்போதோ தவறுதலாகக் கை படும்போதோ ஐபி முகவரி மாறிவிடக் கூடாது என்பதற்கான தடை, அவ்வளவுதான். ஆனால் ஒரு கண்ணி உண்டு. திறந்த கையோடு மறுபடி பூட்ட நினைத்து அதே மூன்று விசைகளை அழுத்தினால், **#** என்ற வரிசையாகப் போன் அதை எடுத்துக்கொண்டு தன்னையே மறுதொடக்கம் செய்துவிடும். திறப்பதற்கும் பூட்டுவதற்கும் இடையே குறைந்தது 10 விநாடி விட வேண்டும். திருத்தும்போது ஐபி முகவரியின் புள்ளிக்கு ஸ்டார் விசை. முடித்ததும் சேவ் பொத்தானை அழுத்த மறந்தால் எல்லாம் வீண்.

7940, 7960 போன்களில் சிப் (SIP) என்ற பொது அழைப்பு நெறிமுறைக்கான மென்பொருள் ஏற்றியிருந்தால் இந்த வரிசை பயன்படாது. செட்டிங்ஸ் பட்டியலிலேயே பூட்டைத் திறக்க ஒரு வரி இருக்கும், அது கடவுச்சொல் கேட்கும். யாரும் மாற்றியிருக்காவிட்டால் சிறிய எழுத்தில் நிறுவனத்தின் பெயரான சிஸ்கோவே கடவுச்சொல்.

இரண்டாவது பூட்டு போனில் இல்லை, சர்வரில் இருக்கும் ஒரு கோப்பில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள, போன் எப்படி விழித்தெழுகிறது என்று பார்க்க வேண்டும். ஈதர்நெட் கம்பி வழியே மின்சாரம் வந்ததும் தன் ஃபிளாஷ் நினைவகத்திலுள்ள மென்பொருளை ஏற்றுகிறது. எந்த விலான் (வலையின் தனிப் பிரிவு) குரலுக்கு உரியது என்று சுவிட்சிடம் கேட்கிறது. முகவரிகளை வழங்கும் டிஹெச்சிபி சர்வரிடம் தன் முகவரியை வாங்குகிறது. கூடவே 150 என்ற எண்ணுள்ள விருப்பத்தில் டிஎஃப்டிபி சர்வரின் முகவரியும் வருகிறது. பிறகு அந்த சர்வரிடம் போய், தன் பெயரிலுள்ள கோப்பைக் கேட்கிறது. எஸ்இபி என்ற மூன்று எழுத்து, அதன்பின் மேக் முகவரியின் (ஒவ்வொரு கருவிக்கும் உரிய தனி அடையாளம்) 12 இலக்கம், இதுவே கோப்பின் பெயர். செல்சியஸ் ஈதர்நெட் போன் என்பதன் சுருக்கம் அது. செல்சியஸ் நிறுவனத்தை 1998இல் சிஸ்கோ வாங்கிக்கொண்டது. நிறுவனத்தின் பெயர் மறைந்துபோனாலும் கோப்பின் தலையில் மட்டும் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கோப்பில் செட்டிங்ஸ் அனுமதிக்கென்று ஒரு வரி உண்டு. 1 என்றால் எல்லாம் திறந்திருக்கும். 2 என்றால் மணி ஒலி, திரை வெளிச்சம் போன்ற பயனர் விருப்பங்கள் மட்டும். 0 என்றால் செட்டிங்ஸ் பட்டியலே காலியாக இருக்கும், ஒலியளவைக் கூட்டினாலும் சேமிக்காது. இந்த நிலையில் ஸ்டார், ஸ்டார், ஹாஷ் என்று எத்தனை முறை தட்டினாலும் பயனில்லை. போன்களை நிர்வகிக்கும் சிஸ்கோவின் அழைப்பு சர்வரில் அந்தப் போனின் பக்கத்துக்குப் போய், செட்டிங்ஸ் அணுகலை முழு அனுமதிக்கு மாற்றிச் சேமித்து, அமைப்பை அனுப்பி, போனை ரீசெட் செய்ய வேண்டும். சில அமைப்புகளின் பக்கத்தில், பொது அமைப்பை மீறுவதற்கென்று ஒரு சிறிய பெட்டி இருக்கும். அதில் டிக் போடாமல் மதிப்பை மட்டும் மாற்றினால் போனில் எதுவும் மாறாது. அரை நாள் தேடிய பிறகே கண்ணில் படுகிற பிழை இது.

மூன்றாவது பூட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதே கோப்பிலோ பொதுவான போன் சுயவிவரத்திலோ திறப்பதற்கான கடவுச்சொல் எழுதப்பட்டிருக்கும். சர்வருக்குள் நுழைய முடிந்தால் அதைப் புதிதாக வைத்து, போனை மறுதொடக்கம் செய்தால் முடிந்தது.

நான்காவதுதான் உண்மையான பூட்டு. சிஸ்கோவின் அழைப்பு சர்வர் 8.0 பதிப்பிலிருந்து ஐடிஎல் என்ற நம்பிக்கைப் பட்டியல் தானாகவே போனுக்குப் போகிறது. யாருடைய கையொப்பத்தை நம்பலாம் என்று போன் தன் நினைவில் வைத்திருக்கும் சான்றிதழ்களின் தொகுப்பு அது. அதன்பிறகு வரும் ஒவ்வொரு அமைப்புக் கோப்பின் கையொப்பத்தையும் அந்தப் பட்டியலோடு ஒப்பிடும். பொருந்தவில்லை என்றால் கோப்பை ஒதுக்கிவிட்டு, கையிலிருக்கும் பழைய அமைப்பையே பிடித்துக்கொள்ளும். ஒரு சர்வர் தொகுதியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய போன் புதிய அமைப்பை ஏற்காமல் முரண்டு பிடிப்பது இதனால்தான். நிர்வாகி சர்வரில் அனுமதியைத் திறந்துவிட்டேன் என்பார், போன் பூட்டியபடியே இருக்கும். இருவர் சொல்வதும் உண்மைதான். கோப்பு வந்திருக்கிறது, போன் அதை நம்பவில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஊகம் வேண்டாம். செட்டிங்ஸில் நிலை என்ற பகுதியில் நிலைச் செய்திகளைத் திறந்து பார்த்தால் நம்பிக்கைப் பட்டியலைப் புதுப்பிக்க முடியவில்லை என்ற வரி நேரத்தோடு பதிந்திருக்கும். மருந்தும் அருகிலேயே இருக்கிறது. பாதுகாப்பு அமைப்புக்குள் நம்பிக்கைப் பட்டியல், அதற்குள் ஐடிஎல் கோப்பு. அங்கே நின்று ஸ்டார், ஸ்டார், ஹாஷ் அழுத்தினால் அழிப்பதற்கான பொத்தான் திரையின் அடியில் தோன்றும். பட்டியல் அழிந்ததும், முதன்முதலில் கையொப்பம் காட்டும் சர்வரைப் போன் புதிதாக நம்பத் தொடங்கும். இந்தப் பட்டியல் இருக்கும்வரை டிஎஃப்டிபி முகவரியைக் கையால் மாற்றிச் சேமிக்கவும் முடியாது. பூட்டைத் திறந்த பிறகும் அந்த ஒரு வரி மட்டும் பிடிவாதமாக நின்றால் காரணம் இதுதான்.

இரண்டாவதும் நான்காவதும் சேர்ந்துகொண்டால் சிக்கல். பட்டியலை அழிக்க செட்டிங்ஸ் வேண்டும், செட்டிங்ஸைத் திறக்க புதிய கோப்பு வேண்டும், புதிய கோப்பை ஏற்க பட்டியல் விடாது. ஃபேக்டரி ரீசெட் தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

7941, 7961, 7970 போன்களில் செய்முறை இது. மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி கொடுங்கள். ஸ்பீக்கர் பொத்தான் மின்னுவதற்கு முன்பே ஹாஷ் விசையை அழுத்திப் பிடியுங்கள். வலப்பக்க லைன் பொத்தான்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆரஞ்சு நிறத்தில் மின்னும்வரை கையை எடுக்க வேண்டாம். மின்னியதும் விட்டுவிட்டு 123456789*0# என்று வரிசை மாறாமல் அழுத்துங்கள். ஒரே விசை இரண்டு முறை பட்டாலும் பரவாயில்லை, வரிசை குலைந்தால் மட்டும் ரீசெட் நடக்காது. சரியாக அழுத்தினால் லைன் பொத்தான்கள் சிவப்பாக மின்னும். இந்த வரிசையில் 12 விசைகளும் ஒவ்வொரு முறை வருவதைக் கவனியுங்கள். பழைய போனில் ஒரே ஒரு விசை தேய்ந்து செத்திருந்தாலும் ரீசெட் நடக்காது. பலமுறை முயன்றும் பலிக்கவில்லை என்றால் விசைப்பலகையைச் சோதித்துப் பாருங்கள்.

ஆனால் அழுத்துவதற்கு முன் ஒன்றை உறுதி செய்தாக வேண்டும். இந்த ரீசெட் அமைப்புகளோடு போனை இயக்கும் மென்பொருளையும் அழித்துவிடுகிறது. எழுந்ததும் போன் தன் மாதிரிக்கான இயல்புநிலைக் கோப்பை டிஎஃப்டிபி சர்வரில் தேடும். 7941க்கு டெர்ம்41, 7961க்கு டெர்ம்61 என்று தொடங்கும் கோப்பு அது. அதற்குள் மென்பொருளின் பல துண்டுகளுடைய பெயர்கள் எழுதியிருக்கும், அந்தத் துண்டுகளும் அதே அடைவில் இருக்க வேண்டும். டிஹெச்சிபி இல்லாத, 150ஆம் விருப்பம் தராத இடத்தில் ரீசெட் செய்தால் போன் மேம்படுத்துகிறேன் என்ற திரையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

அதனால் முதலில் ஒரு மடிக்கணினி, அதில் டிஹெச்சிபியும் டிஎஃப்டிபியும் தரும் ஒரு சிறு நிரல், தனி சுவிட்ச் இவற்றை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அலுவலக வலையில் இன்னொரு டிஹெச்சிபி சர்வரை ஓடவிட்டால் மற்றவர்களின் கணினிகள் தவறான முகவரி வாங்கிக்கொள்ளும். லினக்ஸில் கோப்புப் பெயரின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு முக்கியம். மேக் முகவரியின் எழுத்துகள் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். டிஎஃப்டிபியில் போனின் முதல் கோரிக்கை மட்டுமே 69ஆம் போர்ட்டுக்கு (சர்வரின் வாயில் எண்) வரும், சர்வர் வேறொரு போர்ட்டிலிருந்து பதில் சொல்லும். 69ஐ மட்டும் திறந்துவைத்த ஃபயர்வால் மீதிப் பரிமாற்றத்தைத் தடுத்துவிடும். தரவு 512 பைட் துண்டுகளாகப் போகிறது. ஒரு துண்டு போய்ச் சேர்ந்ததாகப் பதில் வந்த பிறகே அடுத்தது கிளம்பும். 5 எம்பி கோப்பு என்றால் 10,240 முறை போய்வர வேண்டும். உள்ளூர் வலையில் இது நொடிகளில் முடியும். 50 மில்லிவிநாடி தாமதமுள்ள தொலைதூர இணைப்பில் எட்டரை நிமிடம் ஆகும். போன் தொங்கிவிட்டது என்று எண்ணி நடுவில் மின்சாரத்தைப் பிடுங்குவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. டிஎஃப்டிபி சர்வரின் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டால், எந்தக் கோப்பைக் கேட்டது, எது கிடைக்காமல் திரும்பியது என்று வரிக்கு வரி தெரியும்.

இன்னும் பணியில் இருக்கும் அலுவலகப் போன் என்றால் நிர்வாகியின் சம்மதம் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. அதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. அந்த வலையில் போனை அனுமதிப்பதற்காக ஏற்றிய சான்றிதழும் ரீசெட்டில் அழிந்துவிடும், வலையில் சேரும் கருவியின் அடையாளத்தைப் பார்க்கும் 802.1எக்ஸ் சோதனையும் அணைந்த நிலைக்குப் போகும். அப்படிச் சோதிக்கும் சுவிட்ச் போர்ட்டில் போனை மறுபடி செருகினால் விளக்கு எரியும், முகவரி மட்டும் வராது. அந்த போர்ட்டைத் தற்காலிகமாகத் திறந்துவிட்டு, போன் பதிவானதும் சர்வரிலிருந்து சான்றிதழைத் திரும்ப ஏற்றி, 802.1எக்ஸைப் போனில் மீண்டும் இயக்கிய பிறகே போர்ட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.