டர்பைனா, காற்றாலையா, சுழலியா?

விண்ட் டர்பைனுக்குத் தமிழ்ல என்னன்னு கேட்டா டக்குனு காற்றாலைன்னு சொல்லிடுவோம், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் எழுதிட்டு இருந்தேன். ஆனா ரெண்டும் ஒண்ணு இல்லைங்க.

டர்பைன் பிரெஞ்சுல உருவான சொல். 1822ல க்ளாட் புர்டின்னு ஒரு எஞ்சினியர், தண்ணி வேகத்துல சுத்துற எந்திரத்துக்கு வச்ச பேரு அது, அவரோட மாணவர் ஃபூர்னேரோன் 1827ல அதை நிஜமாவே ஓட்டிக் காட்டினாரு. வேர் லத்தீன்ல டர்போ. சுழல்னும் அர்த்தம், பம்பரம்னும் அர்த்தம், சூறைக்காத்துன்னும் அர்த்தம். தண்ணி எந்திரத்துக்கு வச்ச பேருக்குள்ள அப்பவே காத்து இருந்திருக்கு பாருங்க! அதனால சுழலிங்கிற நம்ம சொல் வேர் வரைக்கும் பொருந்துது, எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல்லும் அதுதான்.

சரி, ஆலை? பழைய அர்த்தம் கரும்பு பிழியுற எந்திரம், பட்டினப்பாலையிலயே கரும்பாலை வருது. அப்புறம் நூற்பாலை, பஞ்சாலைன்னு போய் உற்பத்தி நடக்குற இடத்துக்கே பேரா ஆயிடுச்சு. விண்ட்மில்ல இருக்குற மில்லும் அரைக்கிறதுங்கிற லத்தீன் வினையிலேர்ந்து வந்ததுதான், அந்தக் காலத்துல அது தானியம் அரைச்சுது, அதனால பேரு சரியாத்தான் இருந்துச்சு. 1887ல ஸ்காட்லாந்துல ஜேம்ஸ் பிளைத் காத்துலேர்ந்து கரண்ட் எடுத்துத் தன் வீட்டுக்கு லைட் போட்டாரு, அங்கேர்ந்து வேலை மாறிடுச்சு, பேரு மட்டும் அப்படியே ஒட்டிக்கிச்சு.

இப்ப அந்த ஒத்தைக் கம்பத்து மேல என்ன நடக்குது? இறக்கை சுத்துது, அந்தச் சுத்து தண்டு வழியா ஜெனரேட்டருக்குப் போய் கரண்ட் ஆகுது. எல்லாமே சுழற்சி சம்பந்தப்பட்டதுதான், அரைக்கிறதும் இல்ல பிழியுறதும் இல்ல. அப்போ ஒத்தை எந்திரத்துக்குக் காற்றுச் சுழலின்னு சொல்றதுதான் சரி.

விண்ட் ஃபார்முக்குக் காற்றாலைப் பண்ணைன்னு எழுதுறாங்க, ஆலையும் பண்ணையும் ஒரே சொல்லுக்குள்ள இடிச்சுக்குது. ஒண்ணு கலைச்சு விட்ட காத்து இன்னொண்ணை ரொம்பப் பாதிக்காதபடி தள்ளித் தள்ளி நட்ட சுழலிங்க, கேபிள், துணை மின்நிலையம் எல்லாம் சேர்ந்து மின்சாரம் உற்பத்தி பண்ற இடம்தானே அது, இன்னைக்கு நாம ஆலைன்னு சொல்றதுக்கு அச்சு அசலா அதேதான். "அந்தக் காற்றாலையில 40 சுழலி ஓடுது"ன்னு சொல்லிப் பாருங்க, ஒரு குழப்பமும் இல்ல.