குவெர்னோ, ஆஸ்தா: கொம்புக்கு இரண்டு ஸ்பானியச் சொற்கள்

விலங்கின் கொம்பைக் குறிக்க ஸ்பானிய மொழியில் ‘குவெர்னோ’, ‘ஆஸ்தா’ என்னும் இரு சொற்கள் வழங்குகின்றன. இரண்டையும் வேறுபாடின்றிக் ‘கொம்பு’ என்றே தமிழாக்கினால் பெரும்பாலான இடங்களில் பிழை நேராது. ஆனால் விலங்கியல் நூலை மொழிபெயர்ப்பவருக்கு அது போதாது.

குவெர்னோ, இலத்தீனில் கொம்பைக் குறித்த ‘கோர்னு’ என்பதிலிருந்து வந்தது. வடமொழியின் ‘சிருங்கம்’ என்பதும் அதே தொல்வேரில் கிளைத்த சொல்லாகும். ஆஸ்தாவோ ஈட்டியைக் குறித்த ‘ஹஸ்தா’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. ஈட்டியின் காம்பு, கொடிக்கம்பம் ஆகிய பொருள்களும் அதற்கு இன்றுவரை உண்டு. துக்க நாளில் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடுவதைச் சொல்லும் தொடரிலும் இச்சொல்லே வருகிறது.

விலங்கியலார் இவ்விரண்டையும் பிரித்து ஆள்வதற்கு உடலமைப்பே காரணம். மாடு, ஆடு, இரலை ஆகியவற்றின் கொம்பு, எலும்பாலான உள்தண்டின்மேல் நகத்தின் பொருளான கெரட்டின் உறைபோல மூடி வளர்வது. அது வாழ்நாள் முழுதும் நிலைத்திருக்கும். இது குவெர்னோ. புள்ளிமான், கடமான் போன்ற மான்களின் கொம்போ முழுதும் எலும்பு. வளரும்போது மென்மயிர்த்தோல் போர்த்தியிருக்கும், பின்னர் முற்றி உதிர்ந்து மறுபடியும் முளைக்கும். இது ஆஸ்தா. காண்டாமிருகத்தின் கொம்பில் உள்ளெலும்பே இல்லாவிடினும் அது குவெர்னோ என்றே சொல்லப்படும்.

இந்த வரையறை காளைப்போர் அரங்கில் செல்லாது. காளைக்கு நிலைத்த கொம்பே இருந்தும், அங்கே அதன் கொம்பை ஆஸ்தா என்பதும், காளையையே ‘அஸ்தாதோ’, அதாவது கொம்புடையது, என்பதும் நெடுநாள் வழக்கு. ஸ்பெயின் மருத்துவர்களும் காளை குத்திய காயத்தைக் ‘காளையின் ஆஸ்தாவால் ஏற்பட்ட காயம்’ என்றே எழுதுகிறார்கள். பாய்ந்து குத்தும் கொம்புக்கு ஈட்டியின் பெயர் எத்துணை இயல்பாகப் பொருந்துகிறது! குவெர்னோவுக்கோ, வாழ்க்கைத்துணைக்குத் துரோகம் செய்வதைச் சொல்லும் கொச்சை மரபுத்தொடர் ஒன்றிலும் இடமுண்டு என்பதை மொழிபெயர்ப்பாளர் மறக்கலாகாது.

தமிழில் பொதுச்சொல் கொம்பு. மானின் ஆஸ்தாவைத் தனித்துச் சுட்ட வேண்டுமிடத்தில் ‘உதிர்கொம்பு’ என்பதை நான் பரிந்துரைப்பேன். ‘கிளைக்கொம்பு’ என்பது பார்வைக்குப் பொருத்தமாகத் தோன்றினாலும், தென்னமெரிக்கக் காடுகளின் சிறுமான்கள் சிலவற்றுக்குக் கிளையற்ற கூர்முனைகளே உள்ளன. மெக்சிகோவின் வடபகுதியில் வாழும், மான்போலத் தோன்றும் விலங்கான பெரெந்தோவுக்கோ, மான்குடும்பத்தைச் சாராதிருந்தும், கொம்பு கிளைத்திருக்கிறது. பெரெந்தோவின் கொம்பிலும் ஆண்டுதோறும் உறை கழலும் என்பது உண்மையே. ஆனால் உள்ளெலும்பு நிலைத்திருப்பதால் அதை உதிர்கொம்பு எனல் தகாது. காளையைப் பற்றிய செய்தியில் ஆஸ்தா வந்தால் ‘கொம்பு’ என்றே எழுத வேண்டும்.

பழந்தமிழின் ‘மருப்பு’, ‘கோடு’ ஆகியவற்றை உதிர்கொம்புக்கு ஒதுக்கிவிட இயலாது. அகநானூற்றின் 4ஆம் பாடல், முறுக்கிய இரும்பு போன்ற இரலையின் கரிய கொம்பை ‘மருப்பு’ என்கிறது. அது விலங்கியல் கணக்கில் குவெர்னோ. இவ்விரு சொற்களும் யானையின் தந்தத்தையும் குறிப்பன. ஸ்பானியத்தில் தந்தம் ‘கொல்மீயோ’ என்னும் பல்லின் பெயரையே பெறுவதால், சங்கப் பாடலை அம்மொழிக்குக் கொண்டு செல்வோர் மருப்புக்குரிய விலங்கு எதுவென்று கண்ட பின்னரே சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியும்.