வழிகாட்டி நாயை ஏன் கொஞ்சக்கூடாது?

அமெரிக்காவில் 1929-ல் தொடங்கப்பட்ட 'தி சீயிங் ஐ' என்ற, பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் பள்ளி, நியூஜெர்சி மாநிலத்து மோரிஸ்டவுனில் இயங்குகிறது. அந்த ஊர்த் தெருக்களே அதன் நாய்களுக்குப் பயிற்சிக்களம். நாய் சிக்னலைப் பார்த்துப் பார்வையற்றவரைச் சாலையைக் கடக்க வைக்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் சிவப்பையும் பச்சையையும் நிறத்தால் பிரித்தறிவது நாயின் கண்ணுக்குக் கடினம். வாகனங்களின் ஓசையைக் கேட்டு, எப்போது கடப்பது, எங்கே திரும்புவது என்று முடிவெடுப்பவர் மனிதர்தான். நடைபாதையின் விளிம்பில் நிற்பதும், தன் தலைக்கு மேலே இருந்தாலும் அவர் நெற்றியில் இடிக்கக்கூடிய கிளையை விலக்கி நடத்திச் செல்வதும் நாயின் பொறுப்பு. 'முன்னே போ' என்ற கட்டளை வந்த பிறகும், வண்டி வந்தால் அது நகர மறுக்க வேண்டும். இப்படித் தேவையான நேரத்தில் கீழ்ப்படியாமல் இருக்கவும் கற்றுக்கொடுக்கிறார்களே, அதுதான் இந்தப் பயிற்சியில் என்னை மிகவும் வியக்க வைப்பது.

நாய் அணிந்திருக்கும் சேணத்தில் விறைப்பான ஒரு கைப்பிடி உண்டு. பெரும்பாலும் அது மனிதரின் இடது கையில் இருக்கும். நாய் வேகத்தைக் குறைத்தாலோ, தோளைத் திருப்பினாலோ அந்த அசைவு உடனே அவர் கைக்குத் தெரிந்துவிடும். இந்த நேரத்தில் நீங்கள் நாயின் தலையைத் தடவினால் அது உங்கள் பக்கம் திரும்பும். கைப்பிடியும் சேர்ந்து திரும்பும். அவருக்கோ அங்கே ஒரு தடை இருப்பதாகத் தோன்றலாம். பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், கண்ணைப் பார்த்துச் சிரிப்பதும்கூட இதையே செய்யும்.

பிஸ்கட் கொடுப்பது இன்னும் மோசம். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-ல் லாப்ரடார் நாய்களிடம் 'பிஓஎம்சி' என்ற மரபணுவில் ஒரு சிறு பகுதி விடுபட்டிருப்பதைக் கண்டார்கள். வயிறு நிறைந்த உணர்வைத் தருவதில் பங்குள்ள மரபணு அது. லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இந்த மாற்றம் இருந்தது. அவர்கள் சோதித்த உதவி நாய்களிலோ 76 சதவீதத்துக்கு! தின்பண்டத்தைப் பரிசாகக் கொடுத்துப் பழக்கும்போது, உணவில் ஆசை மிகுந்த நாய்கள் எளிதில் தேர்ச்சி பெறுவது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அப்படிப்பட்ட நாய்க்கு ஒரு முறை தெருவில் தீனி கிடைத்துவிட்டால், அடுத்த முறை வழியைப் பார்க்காமல் கைகளைப் பார்க்கும்.

உதவ நினைத்தால் மனிதரிடம் பேசுங்கள். வலப்பக்கமாக வந்து, வேண்டுமா என்று கேளுங்கள். அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். சேணத்தை ஒருபோதும் தொடாதீர்கள். அவர் சம்மதித்தால் உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்ளக் கொடுங்கள். காரில் இருப்பவர்கள் இரக்கத்தோடு ஹார்ன் அடித்து வழிவிடுவதுகூட இடைஞ்சல்தான்: அவர் கவனித்துக்கொண்டிருக்கும் ஓசைகளை அது மூழ்கடித்துவிடும். உங்கள் வீட்டு நாயோடு எதிரே வந்தால் அதைக் கயிற்றில் இறுக்கிப் பிடித்து, தள்ளி நடத்திச் செல்லுங்கள்.

வேலை முடிந்து சேணம் கழற்றப்பட்டதும் அதுவும் மற்ற நாய்களைப் போல ஓடி விளையாடும். அப்போது கொஞ்சலாமா என்று உரிமையாளரைக் கேட்கலாம். அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.