உங்கள் ஊர் கிளை நூலகத்துக்கு என்ன வயது?

நான் வேலை பார்த்த ஒரு கிளை நூலகத்தில், வாசகர் வட்டத்துக்காரர்கள் நாலைந்து பேர் ஒரு நாள் மாலை சேர்ந்து வந்தார்கள். பொன்விழா எடுக்கப் போகிறார்களாம். "கல்வெட்டுல 1964 போட்டிருக்கு சார், கணக்கு சரியா வருது" என்றார் ஒருவர். வாசல் சுவரில் அந்தக் கல் இருப்பது உண்மைதான். ஆனால் அது கட்டடம் திறந்த தேதி. அதற்கு முன்னால் கடைத்தெருவில் ஒரு மாடியில் வாடகைக்கு நூலகம் நடந்தது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எந்த வருஷத்திலிருந்து என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். "காமராஜர் நம்ம ஊருக்கு வந்தாரே, அப்போ" என்றார் ஒரு தாத்தா. காமராஜர் எங்கள் ஊருக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறார்.

பதில் பீரோவுக்கு மேலே கிடந்தது. பழைய பேப்பர் கட்டுகளோடு எடைக்குப் போகக் காத்திருந்த ஒரு நோட்டு. நூல் சேர்க்கைப் பதிவேட்டின் முதல் தொகுதி. நாங்கள் ஆக்சஷன் ரிஜிஸ்டர் என்றே சொல்வோம். நூலகத்துக்குள் வரும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, வந்த தேதி, ஆசிரியர், தலைப்பு, விலை, யாரிடமிருந்து வந்தது என்று எழுதி வைப்பதுதான் அது. அந்த நோட்டில் முதல் சில தாள்களின் ஓரத்தை எலி தின்றிருந்தது. தேதி இருக்க வேண்டிய இடமே இல்லை.

சரி, தேதி போனால் போகிறது, விலையைப் பார்ப்போம் என்று பார்த்தேன். 1-8-0, 0-12-0 என்று இருந்தது. ரூபாய், அணா, பை. அணாவும் பையும் போய் நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1ஆம் தேதி. ஆக, இந்தப் பக்கங்கள் பெரும்பாலும் அதற்கு முந்தையவை. பல பக்கம் தள்ளி ஓரிடத்தில் அணாக் கணக்கு நின்று பைசாக் கணக்கு தொடங்குகிறது. எழுதியவர் அந்த வருஷம் முழுக்கத் தடுமாறியிருக்கிறார் பாவம், அடித்து அடித்துத் திருத்தியிருக்கிறார்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. முதல் நாற்பது ஐம்பது புத்தகங்களுக்கு எதிரே 'படிப்பக அன்பளிப்பு' என்று எழுதியிருந்தது. அதாவது அரசு நூலகம் வருவதற்கு முன்பே ஊர்க்காரர்கள் ஒரு படிப்பகம் நடத்தியிருக்கிறார்கள். கிளை நூலகம் வந்ததும் தங்கள் புத்தகங்களைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கலைந்திருக்கிறார்கள். நம் சிற்றூர்களில் பல நூலகங்களின் கதை இதுதான். மன்றங்களும் வாசகசாலைகளும் கட்சிப் படிப்பகங்களும் போட்ட விதையில்தான் அரசு நூலகம் முளைத்தது. 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் படிக்கக் கொடுத்தார்கள். அதற்கு அரசாணைக்காக யாரும் காத்திருக்கவில்லை.

அரசு உள்ளே வந்தது 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தோடு. நடைமுறைக்கு வந்தது 1950இல். இதற்குப் பின்னால் நின்றவர் சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். பயிற்சிக்கு லண்டன் போனார். அங்கே ஊர் வரியில் ஊர் நூலகம் நடப்பதைப் பார்த்துவிட்டு வந்து, 1930இல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் நூலகங்களுக்கான மாதிரிச் சட்டம் ஒன்றை வைத்தார். நம் மாகாணத்தில் அது சட்டமாகப் பதினெட்டு வருஷம் ஆனது. அப்போதைய கல்வி அமைச்சர் தி. சு. அவிநாசிலிங்கம் துணை நிற்காவிட்டால் இன்னும் இழுத்திருக்கும் என்பது என் எண்ணம்.

அந்தச் சட்டத்தின் உயிர் வரியில் இருக்கிறது. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கும். தொடக்கத்தில் வீட்டு வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 6 பை. இப்போது ரூபாய்க்கு 10 பைசா. உள்ளாட்சி அமைப்பு அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். 'நான் நூலகத்துக்கே போனதில்லை சார்' என்று சொல்கிறவரும் வருஷா வருஷம் அதற்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஆகவே பீரோவுக்கு மேல் கிடக்கும் அந்த நோட்டும் அவர் காசில் வாங்கியதுதான்.

பழைய நோட்டை வைத்து என்ன செய்வது, ஏக்கப்பட்டுக்கொண்டிருக்கவா என்று ஓர் அதிகாரி என்னிடம் கேட்டார். அவருக்கு நான் சொன்னது இடத்தின் கதை. நம் ஊர்களில் நூலகத்துக்கு நிலம் கொடுத்தவர்கள் பலர் வாய்வார்த்தையாகக் கொடுத்தவர்கள். சிலர் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார்கள், அதன் நகல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஓட்டுக் கட்டடம் ஒழுகும் வரை இது பிரச்சினையே இல்லை. இடித்துப் புதிதாகக் கட்ட நிதி வரும் அன்றைக்குத்தான் 'இடம் யார் பெயரில் இருக்கிறது?' என்ற கேள்வி வரும். பேரப்பிள்ளைகள் வருவார்கள். பத்திரம் இல்லை என்றால் வந்த நிதி திரும்பிப் போகும். எனக்குத் தெரிந்த ஒரு நூலகம் இப்படித்தான் சொந்த இடத்தை விட்டு மறுபடி வாடகைக்குப் போனது. அங்கே வெள்ளையடிக்கும்போது 'பழைய குப்பை' என்று ஒரு மூட்டையை எடைக்குப் போட்டிருந்தார்கள். அதில் என்னென்ன இருந்தது என்று இப்போது யாரைக் கேட்பது?

உங்கள் ஊர் நூலகத்தின் இடத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். இணையத்தில் பெரும்பாலும் 1975க்குப் பிந்தைய பதிவுகள்தான் கிடைக்கும். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். நூலகம் தொடங்க அனுமதி கொடுத்த ஆணை, வாடகை ஒப்பந்தம் போன்றவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

கேட்கும்போது ஒரு சிக்கல் வரும், மாவட்டப் பிரிவினை. சீர்காழியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், பிறகு நாகப்பட்டினம், 2020 முதல் மயிலாடுதுறை. ரங்கநாதன் பிறந்த ஊரின் நூலகக் காகிதங்களைத் தேடுகிறவர் மூன்று மாவட்டத் தலைநகரங்களுக்கும் பஸ் ஏற வேண்டியிருக்கும். மன்னார்குடிக்காரர்களும் 1997இல் திருவாரூர் மாவட்டம் பிறந்தது என்பதை மறந்துவிட்டுத் தேடினால் கிடைக்காது. 'எங்களிடம் இல்லை' என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள், தாய் மாவட்டத்துக்கு ஒரு மனு அனுப்புங்கள்.

புத்தகங்களுக்குள் இருக்கும் முத்திரைகளும் பேசும். ஒரே புத்தகத்தில் படிப்பகத்தின் முத்திரை, பழைய மாவட்டத்தின் நூலக முத்திரை, புதிய மாவட்டத்தின் முத்திரை என்று மூன்றைப் பார்த்திருக்கிறேன். அதனால் கழிவு நூல்களை நீக்கும்போது முத்திரைப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துவிட்டு நீக்குங்கள் என்று இளைய நூலகர்களிடம் சொல்வதுண்டு. பதிவேட்டையும் அப்படியே பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இரண்டு மூன்று இடத்தில் வைக்கலாம். கிழிந்த தாளில் செலோடேப் மட்டும் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் பசை மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும். பருத்தித் துணியில் சுற்றி, தரையிலும் சுவரிலும் படாமல் வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

உறுப்பினர் பதிவேட்டை மட்டும் கொஞ்சம் யோசித்துக் கையாளுங்கள். அதில் உயிரோடிருப்பவர்களின் முகவரி இருக்கும். அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது சரியில்லை.

அப்புறம் ஓய்வு பெற்ற நூலகர்கள். வாடகை மாடியிலிருந்து புதுக் கட்டடத்துக்குப் புத்தகங்களை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்தார்களாம். அந்த வரிசையில் நின்ற ஒருவர் சொன்னார். அவருக்கு இப்போது எண்பது வயதை நெருங்குகிறது. நான் கேட்காமல் விட்டது எவ்வளவோ.

பொன்விழாவுக்கு வருவோம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் நூலகத்துக்கு ஐம்பது எப்போதோ ஆரவாரமில்லாமல் வந்து போயிருந்தது. வாசகர் வட்டத் தலைவரிடம் நோட்டை விரித்துக் காட்டினேன். அணாக் கணக்கைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தன் அப்பா அந்தப் படிப்பகத்தில் இருந்தவர்தான் என்றார். பிறகு மெதுவாக, "பிளெக்ஸ் அடிச்சாச்சே சார்" என்றார்.

விழா பொன்விழாவாகவே நடந்தது. பந்தலில் ஒரு மேஜை போட்டு அந்தப் பதிவேட்டையும் திறந்து வைத்திருந்தோம்.