தனியாக ஜப்பான் போகிறவர்கள், வெந்நீரில் இறங்கும் முன்

போன கார்த்திகையில் ஒருவர் கிளினிக்குக்கு வந்தார். வயது 58, வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். மார்ச் மாதம் தனியாக ஜப்பான் போகிறார். ஹிமேஜி கோட்டை, மியாஜிமா, அங்கிருந்து ஷிகோகு தீவு, கடைசியில் யாகுஷிமா என்று 21 நாள் பயணத்தை ஒரு நோட்டில் நாள்வாரியாக எழுதி வைத்திருந்தார். முதுகில் ஒரு பை, தங்க ஹாஸ்டல், அவ்வளவுதான். "பிரஷர் மாத்திரை மட்டும் மொத்தமா எழுதிக் கொடுத்துடுங்க சார்" என்றார். பழைய சீட்டைப் பார்த்தேன். மூன்று மாத்திரைகளில் ஒன்று பிரசோசின்.

"அங்கே வெந்நீர் ஊற்றில் குளிப்பீங்களா?"

"அதுக்குத்தானே சார் போறதே!"

நான் பொது மருத்துவர். சில வருடங்களுக்கு முன் நானும் அந்தத் தீவுகளில் தனியாகப் பை மாட்டிக்கொண்டு சுற்றியவன். அதனால் இப்படி யாராவது வந்தால் அவசரமாகச் சீட்டெழுதி அனுப்ப மனம் வராது. அவரிடம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வெந்நீர். நம் ஊரில் வெந்நீர்க் குளியல் என்றால் வாளியும் சொம்பும்தான். மேலே ஊற்றுகிறோம், தண்ணீர் வழிந்து போகிறது. ஆன்சென் என்று ஜப்பானியர் சொல்லும் ஊற்றுக் குளியல் அப்படி அல்ல. கழுத்துவரை அமிழ்ந்து உட்கார வேண்டும். பெரும்பாலும் 40 முதல் 42 டிகிரி செல்சியஸ் இருக்கும், சில இடங்களில் அதற்கும் மேலே. பிறந்ததிலிருந்து பழகிய அவர்கள் உடம்பு வேறு, முதல்முறையாக இறங்கும் நம் உடம்பு வேறு.

அமிழ்ந்ததும் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன, ரத்த அழுத்தம் இறங்குகிறது. ஆனால் சுற்றியுள்ள தண்ணீர் கால்களை அழுத்தி ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருப்பதால் உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது, சுகமாகத்தான் இருக்கும். சட்டென்று எழுந்தால் அந்த அழுத்தம் ஒரே நொடியில் விலகுகிறது. ரத்தம் காலுக்கு இறங்கித் தேங்குகிறது, மூளைக்குப் போவது குறைகிறது. கண் இருட்டும். ஈரக் கல்தரையில் விழுந்தால் தலை, தொட்டிக்குள்ளேயே விழுந்தால் மூச்சு.

எனக்கே நடந்தது. பெப்பு என்ற வெந்நீர் ஊற்று ஊரில் ஒரு பழைய பொதுக்குளியல். பகல் முழுக்க நடந்த களைப்பு, சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை. பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டு எழுந்தேன். சுவரில் இருந்த கடிகாரத்தின் முட்கள் மங்கி, சுற்றிலும் கறுப்பாகி வந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் என் முழங்கையைப் பிடித்தார். "யுக்குரி, யுக்குரி" என்றபடி தொட்டி விளிம்பில் உட்கார வைத்தார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். தன் தலையில் மடித்து வைத்திருந்த சின்னத் துண்டைக் குளிர்ந்த நீரில் நனைத்து என் நெற்றியில் வைத்தார். இரண்டு நிமிடத்தில் தெளிந்துவிட்டது. அந்த மனிதர் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்றும் வரும்.

அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். ஆன்சென்னில் உடையில்லாமல்தான் இறங்க வேண்டும். நம்மவர்களுக்குக் கூச்சம். விடுதிகளில் கிடைக்கும் 'காஷிகிரி' என்ற தனிக் குளியலறையைக் காசு கொடுத்து எடுத்து, உள்ளே தாழ் போட்டுக்கொள்கிறார்கள். கூட ஆள் இருந்தால் சரி. தனியாகப் போகிறவருக்கு, அதுவும் பிரஷர், சர்க்கரை, இதய நோய்க்கு மருந்து எடுப்பவருக்கு, அதைவிட ஆபத்தான இடம் வேறில்லை. நாலு பேர் குளிக்கும் இடத்தில் குளியுங்கள். பெரும்பாலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிதான். யாரும் யாரையும் பார்ப்பதில்லை, கூச்சம் ஐந்து நிமிடத்தில் போய்விடும்.

ஜப்பானிய அரசின் நுகர்வோர் விவகார முகமையே தன் மக்களுக்குச் சொல்லும் அளவு 41 டிகிரிக்குள், 10 நிமிடத்துக்குள். நம்மவர்களுக்கு முதல் நாள் ஐந்து நிமிடமே போதும். பல இடங்களில் இரண்டு தொட்டிகள் இருக்கும்: 'அட்சுயு' சூடானது, 'நுருயு' இதமானது. நுருயுவில் தொடங்குங்கள். இறங்கும் முன் உடம்பைக் கழுவிவிட்டு, சின்ன வாளியில் தொட்டி நீரை மொண்டு காலிலிருந்து மேலாக ஊற்றிக்கொள்வது அங்கே வழக்கம். அதற்குக் 'காகேயு' என்று பெயர். சுத்தத்துக்கு என்று நினைத்து இரண்டு வாளியோடு விட்டுவிடாதீர்கள், உடம்பைச் சூட்டுக்குப் பழக்குவதும் அதுதான். குளிர்காலத்தில் உடைமாற்றும் அறை சில்லென்று இருக்கும். அந்தக் குளிரில் பிரஷர் ஏறும், வெந்நீரில் தடாலென்று இறங்கும். ஜப்பானில் குளியலறை மரணங்கள் குளிர்காலத்தில், முதியவர்களிடம் அதிகமாக இருப்பது இதனால்தான். சாப்பிட்டதும் குளிக்க வேண்டாம். சாக்கே என்ற அரிசி மது குடித்துவிட்டு இறங்கவே கூடாது.

பிரசோசின், புராஸ்டேட் தொல்லைக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் போன்ற மாத்திரைகளும், நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் நைட்ரேட் மாத்திரைகளும் ரத்தக் குழாய்களை விரிப்பவை. வெந்நீரும் அதையே செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் பிரஷர் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. நம் வங்கிக்காரருக்குப் பயணத்துக்கு மூன்று மாதம் இருந்ததால், பிரசோசினை நிறுத்தி வேறு மாத்திரைக்கு மாற்றி, வீட்டிலேயே அளந்து எழுதச் சொல்லிப் பார்த்துச் சரிசெய்தோம். விமானத்துக்கு முந்தின வாரம் வருகிறவர்களுக்கு இதைச் செய்ய முடிவதில்லை. நீங்களாகவும் நிறுத்திவிடாதீர்கள்.

இன்சுலின் போடுபவர்களுக்கு இன்னொரு விஷயம். சூடு பட்டால் ஊசி போட்ட இடத்திலிருந்து இன்சுலின் வேகமாக ரத்தத்தில் கலக்கும், சர்க்கரை திடீரென்று குறையும். ஊசி போட்ட கையோடு குளிக்கப் போகாதீர்கள். குளித்துவிட்டு வந்ததும் எடுக்கிற மாதிரி லாக்கரில் இனிப்பு இருக்கட்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் காலை விட்டுச் சூடு பார்க்கக் கூடாது, முழங்கையால் பாருங்கள். பெப்பு, குசாட்சு மாதிரி ஊர்களில் ஊற்றுநீர் நேராகக் கொதிநிலையை ஒட்டியோ, 50 டிகிரிக்கு மேலோ வருகிறது. குசாட்சுவில் பச்சைத் தண்ணீர் கலந்தால் சத்துப் போய்விடும் என்று நீளப் பலகையால் துழாவி ஆற்றுவது பழைய வழக்கம். அந்த நீர் எலுமிச்சைச் சாறு அளவுக்கு அமிலம். சவரம் செய்த சூட்டோடு இறங்கினால் முகம் எரியும்.

அப்புறம், கந்தக ஊற்றில் வெள்ளி கறுத்துவிடும். மெட்டி, கொலுசு, அரைஞாண் எதுவானாலும் அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

படிகளைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை, நானாகத்தான் சொல்கிறேன். ஷிகோகுவில் கொன்பிரா என்ற கொதோஹிரா கோவிலின் பிரதான சன்னதிக்கு 785 படி, உச்சிச் சன்னதிவரை 1,368 படி. மட்சுமோட்டோ கோட்டைக்குள் மரப்படிகள் சில இடங்களில் 61 டிகிரி சாய்வு. செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு, காலுறையோடு ஏற வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குச் சோதனை. யாகுஷிமாவில் ஜோமோன் சுகி என்ற பழம்பெரும் மரத்தைப் பார்க்கப் போய் வர 22 கிலோமீட்டர், ஒன்பது பத்து மணி நேரம் ஆகும். மாதத்துக்கு 35 நாள் மழை என்று பேர் வாங்கிய தீவு அது. வீட்டு மாடிப்படியிலேயே நெஞ்சு இறுக்குகிறது என்றால், டிக்கெட் எடுக்கும் முன் டிரெட்மில் டெஸ்ட் எடுங்கள். கோவிலோ மலையோ ஏறிவந்த அன்று மாலை ஒரு லிட்டர் தண்ணீராவது உள்ளே போன பிறகுதான் வெந்நீர்.

அதே யாகுஷிமாவில் ஹிராவுச்சியில் கடலோரப் பாறைக்கு நடுவே ஓர் ஊற்று இருக்கிறது. கடல் வற்றும்போது மட்டும், ஒரு நாளில் இரண்டு முறை வெளியே தெரியும். அலை ஏறத் தொடங்கினால் மூழ்கிவிடும். அழகான இடம்தான். ஆனால் பாறை வழுக்கும், காவலுக்கு ஆள் கிடையாது. இருட்டில் தனியாகப் போகாதீர்கள்.

மருந்துப் பை. மருத்துவர் எழுதிய மருந்து ஒரு மாதத்துக்கு மேல் கொண்டுபோனால் 'யுன்யு ககுனின்ஷோ' என்ற முன் அனுமதி வாங்க வேண்டும். சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரைகளைக் கொண்டுபோகக் கூடாது. நம் ஊர் மெடிக்கலில் கிடைப்பதுதானே என்று பையில் போட்டுவிடாதீர்கள், அட்டையின் பின்னால் உள்ள சேர்க்கையைப் படியுங்கள். ஆம்பெட்டமின் வகை ஊக்க மாத்திரைக்கு மருத்துவர் சீட்டு இருந்தாலும் அனுமதி இல்லை. கடுமையான வலி மாத்திரைகளுக்கு முன் அனுமதி வேண்டும். 2015-ல் ஒரு பெரிய கார் நிறுவனத்தின் உயர் அதிகாரி, ஆக்ஸிகோடோன் என்ற அப்படிப்பட்ட வலி மாத்திரைகளைத் தபாலில் வரவழைத்ததற்காக டோக்கியோவில் கைதானார். வழக்குப் பதியாமல் விட்டார்கள், ஆனாலும் வேலை போய்விட்டது. சீட்டில் மருந்தின் பொதுப் பெயரை ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். நம் கம்பெனிப் பெயர்கள் அங்கே யாருக்கும் புரியாது.

காப்பீட்டுப் படிவத்தில் பிரஷரையும் சர்க்கரையையும் மறைக்காதீர்கள். மறைத்தால் பிரீமியம் கொஞ்சம் குறையும், ஆனால் அங்கே ஆஸ்பத்திரியில் படுத்தபின் பணம் வராது. இதில் மனம் நொந்து திரும்பிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

அவசரத்துக்கு 119. எடுத்ததும் தீயா, ஆம்புலன்ஸா என்று ஜப்பானிய மொழியில் கேட்பார்கள். 'க்யூக்யூ' என்று சொல்லுங்கள், ஆம்புலன்ஸ் என்று புரிந்துவிடும். ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை, ஆஸ்பத்திரிக்கு உண்டு. சுற்றுலாப் பயணிகளுக்கு ஆங்கிலத்தில் 24 மணி நேரமும் உதவும் எண் 050-3816-2787. தனியாகத் தங்கும் விடுதியில், "குளிக்கப் போகிறேன், அரை மணியில் வருவேன்" என்று முன்மேசையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

வங்கிக்காரருக்கு 28 நாள் மாத்திரை எழுதினேன். 21 நாளுக்கு எதற்கு என்று கேட்டார். தீவு, கடல் கொந்தளித்தால் படகு ஓடாது என்றேன். ஏப்ரலில் வந்தார். யாகுஷிமாவில் காற்று, வேகப்படகு நின்று இரண்டு நாள் மாட்டிக்கொண்டாராம். மிச்சம் ஐந்து நாள் மாத்திரையை மேஜைமேல் வைத்துவிட்டு, பிரஷர் பார்க்கக் கையை நீட்டினார்.