கிராம ஊராட்சிகள் நகராட்சியாகும்போது மாறுவன

சென்னையை ஒட்டிய திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில், அடுத்தடுத்துள்ள கிராம ஊராட்சிகளைச் சேர்த்துப் பேரூராட்சியாகவோ நகராட்சியாகவோ ஆக்குவதும், அருகிலுள்ள மாநகராட்சியோடு இணைப்பதும் புதிய செய்தி அல்ல. 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது அதில் சேர்ந்த 42 உள்ளாட்சி அமைப்புகளில் 25 கிராம ஊராட்சிகளே.

ஒரு பகுதியை நகர்ப்புறமாக அறிவிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. மக்கள்தொகை, மக்கள் நெருக்கம், உள்ளாட்சியின் வருவாய், வேளாண்மை அல்லாத தொழில்களில் இருப்போரின் விகிதம் ஆகியவற்றைக் கருதி முடிவெடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-க்யூ பிரிவு கூறுகிறது. அரசிதழில் அறிவிக்கை வெளியானதும், அதில் குறிப்பிட்ட காலக்கெடுவுக்குள் ஊர் மக்கள் தங்கள் ஆட்சேபணையை எழுத்து மூலம் அனுப்பலாம். இணைப்பை எதிர்த்துக் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றினால் அது அரசைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் பதிவேட்டில் இடம்பெறும் என்பதால் அதை வீண் என்று ஒதுக்க வேண்டியதில்லை.

மக்கள் முதலில் உணரும் இழப்பு நூறு நாள் வேலை என்று அழைக்கப்பட்டுவரும் ஊரக வேலை உறுதிதான். அது ஊரகப் பகுதிக்கு மட்டுமே உரியது என்பதால், நிலமற்ற கூலிக் குடும்பங்களின், குறிப்பாக வயதான பெண்களின், கைச்செலவுக்கான வருவாய் நின்றுபோகிறது. இணைப்புக்கு எழும் எதிர்ப்பின் முதன்மையான காரணங்களில் இதுவும் ஒன்று. இதை வெறும் உள்ளூர் அரசியல் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் முதலிய நாள்களில் ஊரே கூடிக் கணக்குக் கேட்கும் கிராம சபையும் இல்லாமல் போகிறது. நகர்ப்புறத்தில் அதற்கு ஈடாகப் பகுதி சபையும் வார்டு குழுவும் உள்ளன. ஆனால் கிராம சபை அளவுக்கு அவை இன்னும் மக்களிடம் பழகவில்லை.

தேர்தல் முறையும் வேறாகிறது. ஊராட்சி மன்றத் தலைவரை மக்கள் நேரடியாக, கட்சிச் சின்னம் இல்லாமல் தேர்ந்தெடுக்கிறார்கள். நகராட்சியிலோ கட்சி அடிப்படையில் வெல்லும் கவுன்சிலர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெண்களுக்கான 50 விழுக்காடு இட ஒதுக்கீடு இரண்டிலும் உண்டு.

வீட்டு வரியின் இடத்தில் சொத்து வரி வருகிறது. கட்டடம் இல்லாத மனைக்கும் காலிமனை வரி உண்டு. மாறாக, சாலை, தெருவிளக்கு, குப்பை அகற்றல், குடிநீர் ஆகியவற்றுக்கு ஊராட்சியைவிடக் கூடுதல் நிதியும் பொறியாளர் உள்ளிட்ட பணியாளர்களும் கிடைக்கிறார்கள். வரி உடனே வரும், வசதி பின்னால் வரும் என்பதே நடைமுறை. 2011-இல் சேர்ந்த பகுதிகள் பலவும் பாதாளச் சாக்கடைக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தன.

பழைய வீட்டு வரி ரசீது, குடிநீர் இணைப்பு ஆவணம், ஊராட்சி அளித்த கட்டட அனுமதி ஆகியவற்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். புதிய சொத்து வரி அறிவிப்பு வந்தவுடன் உரிமையாளர் பெயர், கட்டடப் பரப்பு, குடியிருப்பா வணிகமா என்ற வகைப்பாடு ஆகியவற்றைச் சரிபார்த்து, பிழை இருந்தால் தாமதிக்காமல் நகராட்சி ஆணையருக்கு எழுத்து மூலம் முறையிட்டு, மனு பெற்றதற்கான ஒப்புதல் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.