புஸ்ஸென்ற சத்தம் எப்போது வருகிறது?

நாமக்கல்லில் பட்டறை வைத்திருப்பவனுக்கு லாரிகள் போடும் சத்தம் எல்லாம் பழகிப்போயிருக்கும். இருந்தும் அண்மையில் வந்த ஒரு பத்துச் சக்கர வண்டியைப் பற்றி எழுதத் தோன்றுகிறது. பின்னச்சுக்கு மேலே, பெடலை மிதிக்கும்போது பின் பிரேக்குகளுக்குக் காற்றை அனுப்பும் ரிலே வால்விலிருந்து விடாமல் புஸ்ஸென்று காற்று போய்க்கொண்டிருந்தது. வழியில் இரண்டு இடங்களில் காட்டி, இரண்டு முறை அந்த வால்வை மாற்றியாகிவிட்டது. கழற்றிய வால்வுகளை டிரைவர் ஒரு சாக்குப்பையில் கட்டி சீட்டுக்குப் பின்னால் வைத்திருந்தார். முதலாளிக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே.

நான் வண்டிக்கு அடியில் படுக்கும் முன்பு ஒன்றைத்தான் கேட்டேன். “ஹேண்ட் பிரேக் போட்டிருக்கும்போதும் வருகிறதா?”

“இல்லை அண்ணே. போட்டால் அடங்கிவிடுகிறது. எடுத்தால்தான் வருகிறது. பெடலை மிதித்தாலும் நின்றுவிடுகிறது.”

நோய் என்னவென்று அவரே சொல்லிவிட்டார். இதற்கு முன் அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

காற்றின் விசையால் பிரேக்கை இயக்கும் டப்பாதான் பிரேக் சேம்பர். பின் சக்கரத்துச் சேம்பருக்குள் இரண்டு அறைகள் உண்டு. ஓர் அறையில் பெரிய ஸ்பிரிங் இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை எடுத்ததும் அந்த அறைக்குள் காற்று புகுந்து ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும். அப்போதுதான் சக்கரம் விடுபடும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டால் அந்தக் காற்று வெளியேறி, ஸ்பிரிங் விரிந்து, பிரேக் பிடித்துக்கொள்ளும். இன்னோர் அறைக்குப் பெடலை மிதிக்கும்போது மட்டுமே காற்று வரும். இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒரு ரப்பர் சீல். அது தேய்ந்துபோனால் ஸ்பிரிங் அறைக் காற்று பெடல் அறைக்குள் நுழைந்து, வந்த குழாய் வழியாகவே பின்னோக்கிப் போய் ரிலே வால்வை அடையும். பெடலை மிதிக்காத நேரத்தில் ரிலே வால்வின் கழிவு வாய் திறந்தே இருக்கும். அங்கே வரும் காற்றை வெளியே விடுவது அதன் வேலை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. அதற்குத்தான் இரண்டு முறை கழற்றி எறியும் தண்டனை.

சிரிக்கும் உரிமை எனக்கு இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதே தவற்றைச் செய்து, ஒரு லோடு வண்டியை இரண்டு நாள் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

எந்தச் சேம்பர் என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, பிரஷரை முழுதாக ஏற்றி, என்ஜினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை எடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு சேம்பராகப் பெடல் குழாயை மட்டும் கழற்றி, சேம்பரின் வாயில் விரலை வைத்துப் பார்த்தேன். வலது பக்கம் ஒன்றும் இல்லை. இடது பக்கத்தில் விரலை மெதுவாகத் தள்ளியது காற்று. அதுதான்.

கட்டை கொடுப்பதை நான் பேச்சுக்குச் சொல்லவில்லை. ஹேண்ட் பிரேக் எடுத்த வண்டியைத் தடுக்க அந்தக் கட்டையைத் தவிர வேறொன்றும் இல்லை. இன்னொன்று: ஸ்பிரிங் இருக்கும் பக்கத்தில் சேம்பரைச் சுற்றி இறுக்கியிருக்கும் பட்டையை எக்காரணம் கொண்டும் அவிழ்க்கக் கூடாது. நூற்றுக்கணக்கான கிலோ விசையோடு சுருண்டு கிடக்கும் ஸ்பிரிங் அது. சேம்பரைக் கழற்றும் முன் அதற்கென்று உள்ள நீண்ட போல்ட்டைப் போட்டு ஸ்பிரிங்கை இழுத்துப் பூட்ட வேண்டும். பிறகு முழுச் சேம்பராகவே மாற்றிவிட வேண்டும். சீல் மட்டும் போட்டால் காசு மிச்சம் என்பவர்களுக்கு என் பட்டறையில் இடமில்லை.

ஆகவே டிரைவர்களுக்கு நான் சொல்வது: சத்தம் எப்போது வருகிறது என்பதைக் கவனித்துக்கொண்டு வாருங்கள், இடத்தை நாங்கள் தேடிக்கொள்கிறோம். பெடலை மிதிக்கும்போது மட்டும் சக்கரத்துப் பக்கம் சீறினால் சேம்பருக்குள் இருக்கும் ரப்பர் தகடு (டயாபிரம்) கிழிந்திருக்கலாம், அல்லது அதற்குப் போகும் குழாய் வெடித்திருக்கலாம். மிதிக்காதபோதும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கும்போதும்கூடப் பெடலுக்குக் கீழே வால்வில் காற்று போனால், அந்த வால்வுக்குள் தூசியோ கெட்டுப்போன ரப்பரோ இருக்கும். இரைச்சலில் இடம் பிடிபடாவிட்டால் ஒரு முழம் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இணைப்புகளுக்கு அருகே நகர்த்திப் பார்ப்பேன். பிறகு ஷாம்பு கலந்த தண்ணீர். குமிழி பொய் சொல்லாது.

எல்லாச் சத்தமும் நோயல்ல. பிரஷர் 8 பார் அளவை ஒட்டி ஏறியதும் ஏர் டிரையர் ‘பிஷ்’ என்று ஒருமுறை மூச்சு விடும். ஈரத்தை வெளியே தள்ளுகிறது. புது டிரைவர்கள் அதற்குப் பயந்து வண்டியை ஓரங்கட்டியதுண்டு. பெடலைத் தொடாமலே சில நொடிகளுக்கு ஒருமுறை அது மூச்சு விட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்: எங்கோ கசிகிறது, அல்லது காற்றைச் சேமிக்கும் டேங்கிலிருந்து அது திரும்பி வராமல் தடுக்கும் வால்வு பழுது. டேங்க்கின் அடியில் தண்ணீரை வடிக்கும்போது கறுப்பு எண்ணெயும் சேர்ந்து வந்தால் டேங்குக்குக் காற்றை ஏற்றும் கம்ப்ரசரைப் பாருங்கள். அது தள்ளும் எண்ணெய்தான் டிரையரையும் மற்ற வால்வுகளையும் கெடுக்கிறது.

கிரீச்சென்று கத்தும் டிரம், லைனர் சத்தங்கள் வேறு கதை. இன்னொரு நாள்.

“சின்னக் கசிவுதானே, கம்ப்ரசர் ஏற்றிக்கொள்கிறதே” என்பார்கள். சமவெளியில் என்ஜின் வேகமாக ஓடும்போது ஏற்றிக்கொள்ளும்தான். தருமபுரியிலிருந்து சேலம் வரும்போது தொப்பூர் கணவாயை நினைத்துப் பாருங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறார் ஒருவர். என்ஜின் ஐடிலில் கிடக்கிறது. என்ஜினோடு சுற்றும் கம்ப்ரசரும் மெதுவாகத்தான் சுற்றும். என்ஜின் பிடித்து நிறுத்தும் உதவியும் இல்லாததால் பெடலை மிதித்து மிதித்து இறங்குகிறார். சமவெளியில் தெரியாத கசிவு அந்த இறக்கத்தில்தான் கணக்கைத் தீர்க்கும். பிரஷர் குறைந்தால் எச்சரிக்கும் பஸ்ஸரின் வயரைத் ‘தொல்லை’ என்று பிடுங்கிவிட்ட வண்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

பெடலை மிதித்தால் நின்றுவிடும் இந்த வண்டியின் கசிவு போன்றவை தவிர, மற்றவற்றுக்கு ஒரு நிமிடச் சோதனை போதும். கட்டை கொடுத்து, முழுப் பிரஷரில் என்ஜினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை எடுத்து, பெடலை அழுத்திப் பிடித்தபடி முள்ளைப் பாருங்கள். அமெரிக்காவில் கனரக வண்டி உரிமத் தேர்வில் இதையே செய்யச் சொல்கிறார்கள். டிரெய்லர் இல்லாத வண்டிக்கு ஒரு நிமிடத்தில் 3 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. நம் மீட்டரில் அது சுமார் 0.2 பார், கிட்டத்தட்ட முள்ளின் பருமன்.

இடது சேம்பரை மாற்றியதும் வண்டி அமைதியானது. டிரைவர் சாக்குப்பையை எடுத்து வந்து, அதையும் பார்த்துவிடச் சொன்னார். இரண்டு வால்வுகளையும் காற்றுக் குழாயில் மாட்டிச் சோதித்தேன். இரண்டிலும் ஒரு குமிழிகூட வரவில்லை.